முன் வரிசையில் ஒன்பது பேர்

அந்தக் கம்ப்யூட்டர் அறையைத் திறக்க ஒவ்வொரு முறையும் நான் கேட்டுத்தான் நிற்க வேண்டும். சாவி என்னிடம் இருக்காது. தலைமை ஆசிரியையின் கைப்பையில் இருக்கும். கம்ப்யூட்டர் பீரியடுக்கு ஐந்து நிமிடம் முன்னால் அவருடைய அறை வாசலில் போய் நிற்பேன். அவர் சாவியை எடுப்பார். உடனே கொடுத்துவிட மாட்டார். கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் அதையேதான் சொல்வார்.

"ஜாக்கிரதைம்மா. எதுனா ஒண்ணு ஆச்சுன்னா நீயும் இல்ல, நானும் இல்ல."

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன. பிளஸ் ஒன், பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பை எங்கள் பள்ளியில் அப்போதுதான் திறந்திருந்தார்கள். நான் அரசு ஊழியர் இல்லை. ஒப்பந்தம் எடுத்திருந்த ஒரு கம்பெனி என்னை அனுப்பியிருந்தது. வருகைப் பதிவேட்டில்கூட என் பெயர் கடைசிப் பக்கத்தில் தனியாக இருக்கும். 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று யாராவது சொன்னால் அதை எதிர்த்துக் கேட்க எனக்கு ஒரு காகிதமும் கிடையாது.

அறை என்னவோ அழகாகத்தான் இருந்தது. கண்ணாடிக் கதவு, பச்சைக் கார்ப்பெட், ஓர் ஏசி, பத்து கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் வெள்ளைத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். உறையோடு வரிசையாகப் பார்க்கும்போது, அம்மா வேலை செய்த ஆஸ்பத்திரியில் சின்ன வயதில் நான் எட்டிப் பார்த்த வார்டு மாதிரி இருக்கும். அம்மா ஸ்டாஃப் நர்ஸ். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

தலைமை ஆசிரியை கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம். முன்பு அவர் வேலை பார்த்த பள்ளியில் ஒரு டிவி திருடு போய், விசாரணை என்று இரண்டு வருடம் அலைய விட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. அந்தப் பத்துப் பெட்டிகளும் தன்னைக் கவிழ்க்கத்தான் வந்திருக்கின்றன என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் குரூப்பில் நாற்பத்திரண்டு பெண்கள். அதில் ஒன்பது பேர் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குத் தனியாகப் போய்க் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு வீட்டில் வசதி இருந்தது. மற்ற முப்பத்து மூன்று பேரில் பலருக்கு அப்பா தோல் பதனிடும் டேனரியிலோ அம்மா ஷூ கம்பெனியிலோ வேலை. சிலர் வீட்டில் பீடி சுற்றினார்கள். இந்த முப்பத்து மூன்று பேரும் கம்ப்யூட்டரை முதன்முதலாகப் பார்த்ததே எங்கள் பள்ளியில்தான்.

ஜூன் மாதமே தலைமை ஆசிரியை ஒரு விதி வைத்துவிட்டார்.

"தெரிஞ்ச பிள்ளைங்க மட்டும் தொடட்டும். தெரியாததுங்க பின்னாடி நின்னு பாத்துக் கத்துக்கட்டும். தெரியாததுங்க கை வெச்சாத்தான் ரிப்பேர் ஆவும்."

நான் சரி மேடம் என்றேன். அவர் சொன்னதால் மட்டும் இல்லை. எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒன்பது பேரிடம் விட்டால் எதுவும் ஆகாது. அவர்களுக்கு என்னைக்கூடக் கேட்க வேண்டியதில்லை. ஆகவே முன் வரிசையில் ஒன்பது பேர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பின்னால் முப்பத்து மூன்று பேர், செருப்பை வெளியே விட்டு, குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு வந்து, ஈரக் காலோடு ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருநாள் தலைமை ஆசிரியை உள்ளே வந்து மூக்கைச் சுளித்தார். "ஏசிய போட்டு மூடி வெச்சா வாடை வருது பாரு. டேனரி வீட்டுப் பிள்ளைங்கள கொஞ்சம் பவுடர் போட்டுட்டு வரச் சொல்லும்மா." அவர்கள் நிற்கும்போதே சொன்னார். அடுத்த வாரம் இரண்டு மூன்று பேர் கழுத்து வரைக்கும் திட்டுத் திட்டாகப் பவுடரோடு வந்தார்கள். நான் பார்க்காத மாதிரி போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

பின்னால் நிற்பவர்களில் ஒருத்தி உயரமாக இருப்பாள். அவளுக்கு எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அவளுடைய அப்பா டேனரியில் தோலைச் சுழற்றும் டிரம் ஓட்டுகிறவர். பாடப் புத்தகத்தில் இருந்த புரோகிராம் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். உட்கார்ந்திருப்பவள் தட்டத் தட்ட, இவள் பின்னாலிருந்து வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வருவாள்.

"அக்கா, ஏழாவது லைன்ல செமிகோலன் வுட்டுட்ட."

ஒரே வகுப்புதான். ஆனாலும் உட்கார்ந்திருப்பவளை அக்கா என்று கூப்பிட்டாள்.

ஒருநாள் மணி அடித்து எல்லோரும் வெளியே போன பிறகு அவள் மட்டும் கதவருகே நின்றாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கட்டா?"

"இன்னா?"

"ஒரே ஒரு தடவ. டைப்பெல்லாம் அவங்களே அடிக்கட்டும் மிஸ். கடைசில எண்டர் மட்டும் நான் தட்டட்டா?"

அன்றிலிருந்து ஒரு புது வழக்கம் வந்தது. முன் வரிசைப் பெண்கள் புரோகிராமை அடித்து ஓட விடுவார்கள். அது ஓர் எண்ணைக் கேட்கும். எண்ணை அடித்ததும் பின்னால் நிற்பவர்களில் ஒருத்தி வந்து எண்டரைத் தட்டிவிட்டுப் போவாள். தட்டிவிட்டு விரலைப் பார்த்துக்கொள்வார்கள். ஏதோ எல்லோருக்கும் பங்கு கொடுத்துவிட்டதாக நானும் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

அந்தத் திருப்தி டிசம்பரில் போயிற்று. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். ஒவ்வொரு பெண்ணும் சீட்டு எடுத்து, வந்த கேள்விக்குத் தனியாக உட்கார்ந்து புரோகிராம் அடித்து ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கு ஒத்திகை வைக்கலாம் என்று கெஞ்சி அனுமதி வாங்கி, பின்னால் நின்றவர்களில் ஆறு பேரை உட்கார வைத்தேன். முதல் பெண் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ், 'ஏ'வுக்குப் பக்கத்துல 'பி' இல்லியே. எங்க வெச்சிருக்காங்க?"

விடை அவளுக்குத் தெரியும். தாளில் எழுதச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் எழுதுவாள். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் நான்கு வரிதான் அடித்தாள். ஒவ்வோர் எழுத்தையும் தொலைந்த காதணியைத் தேடுகிற மாதிரி தேடினாள். மற்ற ஐந்து பேரும் அப்படித்தான். முப்பத்து மூன்று பேரும் செய்முறையில் தோற்றுப்போவது கண்ணெதிரே தெரிந்தது. தோற்றால் என்னைத்தான் கேட்பார்கள் என்பதும் தெரிந்தது. எந்தப் பயம் முதலில் வந்தது என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை.

பொங்கல் முடிந்ததும் சனிக்கிழமைகளில் தலைமை ஆசிரியைக்கு வேலூரில் கூட்டம் வந்தது. போகும்போது, "தூசி தட்டி வெச்சிட்டு வாட்ச்மேன்கிட்ட குடுத்துடு" என்று சாவியை என்னிடம் கொடுத்தார். நான் யாருக்கும் சொல்லாமல் பின்வரிசைப் பெண்களை வரச் சொன்னேன். முதல் சனிக்கிழமை பதினாறு பேர் வந்தார்கள். நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் நுழைவாயிலில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். "சத்தம் போடாம அடிங்கம்மா" என்று கீபோர்டு சத்தத்தைக்கூட அடக்கினேன்.

இரண்டாவது சனிக்கிழமை இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். அங்கே ஒரு சிக்கல் இருந்தது. கரண்ட்டைச் சீராகக் கொடுக்கிற யு.பி.எஸ். பெட்டியின் பேட்டரி டிசம்பரிலேயே வலுவிழந்து ஆறு கம்ப்யூட்டரைத்தான் தாங்கியது. மீதி நான்கும் அதிலிருந்து உறையோடே கிடந்தன. பெண்கள் நிறைய, நேரம் கம்மி. நான் அலுவலகத்திலிருந்து இரண்டு எக்ஸ்டென்ஷன் பலகைகளை எடுத்து வந்து, அந்த நான்கையும் சுவரில் இருந்த பிளக்கில் நேராகச் சொருகினேன். அப்படிச் செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் கரண்ட் எப்படி ஏறி இறங்கும் என்பது அங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

உயரமான பெண் ஒன்பதாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். முதல் தடவையாக ஒரு முழு புரோகிராமைத் தானே அடித்தாள். கொடுக்கும் எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று சொல்கிற சின்ன புரோகிராம். ஓட விட்டாள். எண் கேட்டது. அடித்தாள். என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு எண்டரைத் தட்டினாள்.

அதே நொடியில் டியூப்லைட்டுகள் மங்கி, உடனே கண்ணைக் கூசும்படி பளீரென்று எரிந்தன. மேலே மின்விசிறி உறுமியது. ஒன்பதாவது கம்ப்யூட்டரின் பெட்டிக்குள் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். திரை கறுத்தது. பின்பக்கத்திலிருந்து புகை வந்தது. கருகிய பிளாஸ்டிக் நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் எழுந்து நின்று, எண்டரைத் தட்டிய விரலை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ்... நான் மெதுவாத்தான் மிஸ் தட்டுனேன்."

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். ஹை வோல்டேஜ் வந்தது, நான் நேராகச் சொருகினது தப்பு என்று ஒரே ஒரு வாக்கியம். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க. யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்க. போங்க, போங்க."

அவள் அழுதுகொண்டே, செருப்பைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் எக்ஸ்டென்ஷன் பலகைகளைக் கழற்றி எடுத்த இடத்திலேயே வைத்தேன். ஒன்பதாவது கம்ப்யூட்டருக்கு உறையைப் போட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்து நாற்றம் போகிற வரைக்கும் கார்ப்பெட்டின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை வேறு எதற்கோ அந்த அறையைத் திறந்திருக்கிறார். மூடியிருந்த அறையில் மிச்சமிருந்த நாற்றம் அவருக்குப் போதுமாக இருந்தது. என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போனபோது வாட்ச்மேனும் அங்கே நின்றார்.

"சனிக்கிழமை பிள்ளைங்க வந்துச்சாமே. யார் வரச் சொன்னது?"

"டவுட் கேக்க வந்தாங்க மேடம்."

"அந்த ஒசரமான பொண்ணு அழுதுட்டே ஓடுச்சின்னு வாட்ச்மேன் சொல்றாரு. அவளா கை வெச்சா?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. என் காலடியில் இருந்த தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு அது போதும். அவளை வகுப்பிலிருந்து வரவழைத்து, வராந்தாவில் எல்லோரும் பார்க்க நிற்க வைத்துக் கத்தினார். "கவர்மென்ட் சொத்து! போலீஸ்ல குடுத்தா இன்னா ஆவும் தெரியுமா? நாளைக்கு உங்கப்பாவ கூட்டிட்டு வந்தாத்தான் கிளாஸ்!" அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. நான் சொல்லிக் கொடுத்தபடி யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அந்த நாட்களில் எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். அலுவலகத்தில் போன் அடித்தால் எனக்குத்தான் என்று தோன்றும். தலைமை ஆசிரியை மேலதிகாரிகளுக்குக் கடிதம் எழுதப் போகிறார், அங்கிருந்து ஆள் வந்து கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்த்ததும் உண்மை தெரிந்துவிடும் என்று கணக்குப் போடுவேன். தெரியாமலும் போகலாம் என்று இன்னொரு கணக்கு. சோறு இறங்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்துப் பட்டையைச் சுற்றி பி.பி. பார்த்தார். "நார்மல்தான், ஏன் இப்படி இருக்க?" என்றார். அம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பார்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ காலையில் டவுன் பஸ்ஸில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனி வேன் வந்து நின்றது. அந்த நேரத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகிற வேன்களில் ஒன்று. ஜன்னலோரம் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்று நினைப்பதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். சட்டென்று உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்தாள்.

"குட் மார்னிங் மிஸ்," என்றாள்.

கோபமே இல்லை. தப்புச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறவளின் முகம் அது. ரயில் வந்து போகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். கேட் திறந்ததும் வேன் முந்திக்கொண்டு போயிற்று.

அன்று சாயங்காலம் அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தியிடம் வழி கேட்டு வீட்டுக்குப் போனேன். டேனரிச் சுவரை ஒட்டிய சந்து. வாசலில் அவளுடைய அப்பா வேலை முடிந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். தோல் பதனிடும் மருந்தில் கைகள் முழங்கை வரைக்கும் நீலம் பாரித்துக் கிடந்தன. நான் யார் என்று சொன்னதும் பதறிப்போனார்.

"உள்ள வாங்க டீச்சர். நானே வர்லாம்னுதான் இருந்தேன். போலீசு கீலீசுன்னு வேணாம் டீச்சர். பொண்ணு கம்பெனிக்குப் போவுது. கொஞ்சங் கொஞ்சமா கட்டிட்றோம்."

வீட்டுக்குள் கம்பெனி வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த அவளும் அவளுடைய அம்மாவும் நின்றார்கள். என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் உட்கார்ந்த பிறகும் அவர்கள் மூவரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"அது அவ ஒடைக்கல," என்றேன்.

"நான்தான் மிஸ் தட்டுனேன். தட்டுனதும்தான் வெடிச்சிச்சி," என்றாள் அவள்.

"எண்டர் தட்டுனா எந்தக் கம்ப்யூட்டரும் வெடிக்காது. அன்னிக்கி ஹை வோல்டேஜ் வந்திச்சி. அத யு.பி.எஸ்.ல போடாம சுவத்துல நேரா சொருகுனது நான். தப்பு என்னோடது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நம்பவில்லை என்று தோன்றியது. அவளைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். அப்பாவுக்குத்தான் முதலில் புரிந்தது. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"மேடம் திட்டுனப்போ நீங்க அங்க இருந்தீங்களா டீச்சர்?"

"இருந்தேன்."

"அப்போ ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன். வேலை போய்டும்னு பயந்துட்டேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை.

"படிச்சவங்க நீங்களே பயந்துட்டா, இது இன்னா பண்ணும் டீச்சர்? பத்து நாளா ராவெல்லாம் தூக்கத்துல கைய ஒதறிக்கினு எழுந்திரிக்குது."

அவளுடைய அம்மா ஒரு தம்ளரில் டீ கொண்டு வந்து கொடுத்தார். குடித்து முடித்தேன். எழுந்தபோது, "நாளைக்கு அவள ஸ்கூலுக்கு அனுப்புங்க. நான் மேடம்கிட்ட சொல்லிட்டு வாசல்லயே நிப்பேன்" என்றேன். அனுப்புகிறேன் என்றோ மாட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை.

மறுநாள் காலை பிரேயருக்கு முன்பே தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் போலிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை பெண்களை வரவழைத்தது, பலகைகளைச் சொருகியது, அவர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றது. அவர் முகம் வெளுத்துப்போனது.

"உன்ன நம்பித்தானேம்மா சாவி குடுத்தேன்? இத எழுத்துல குடு. நான் மேல அனுப்பணும்."

எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியாத மாதிரி கோணியிருந்தது. அவர் அதைப் படித்து, மடித்து, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். இனி அந்த அறைக்குள் நீ மட்டும் தனியாகப் போகக் கூடாது என்றார். அந்த ஒன்பது பேரைத் தவிர வேறு யாரும் வாசல்படியை மிதிக்கக் கூடாது என்றும் சொன்னார்.

வேலை போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டதாலோ என்னவோ, அப்போது எனக்கு எங்கிருந்தோ பேச்சு வந்தது.

"மேடம், பிராக்டிகலுக்கு மூணு வாரந்தான் இருக்கு. முப்பத்து மூணு பேருக்கு எழுத்து எங்க இருக்குன்னே தெரியாது. ஒரு கம்ப்யூட்டர் போனா ஒரு கேள்விதான் கேப்பாங்க. முப்பத்து மூணு பேர் ஃபெயிலானா? ரூம் ஏன் பூட்டியே இருந்திச்சின்னு உங்களத்தான் கேப்பாங்க."

அவரைப் பயமுறுத்த வேண்டும் என்றுதான் சொன்னேன். நியாயம், தர்மம் என்று பேசியிருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார். கொஞ்ச நேரம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நம்பர் வரிசைப்படி எழுதி கதவுல ஒட்டு. ஒருத்தருக்கு இருபது நிமிஷம். யு.பி.எஸ்.ல இருக்கிற ஆறு கம்ப்யூட்டர்தான். நானும் வந்து உக்காருவேன்."

சொன்னபடியே வந்து உட்கார்ந்தார். காலை எட்டு மணிக்கும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும், கதவோரம் ஒரு நாற்காலி போட்டு, ஒவ்வொரு விரலையும் பார்த்துக்கொண்டு. வேலூரிலிருந்து மெக்கானிக் வந்து ஒன்பதாவது கம்ப்யூட்டரைப் பிரித்தார். உள்ளே கரண்ட் வாங்கிக் கொடுக்கிற சின்னப் பெட்டி மட்டும்தான் கருகியிருந்தது. அரை மணி நேரத்தில் வேறொன்றை மாட்டிவிட்டுப் போனார். "இதெல்லாம் சகஜங்க" என்றார் போகும்போது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அவள் இரண்டு நாள் கழித்து வந்தாள். தலைமை ஆசிரியை அவளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "போ, போய் உக்காரு" என்றார், அவ்வளவுதான். நான் வகுப்பில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆனால் அவள் விரல் எண்டருக்குப் போகவில்லை. இருபது நிமிடத்தில் பத்து நிமிடத்துக்குள் புரோகிராமை அடித்து முடித்துவிடுவாள். கடைசியில் பக்கத்தில் இருப்பவளைத் தொட்டு, "நீ தட்டுடி" என்பாள். நான் அவள் கையைப் பிடித்து வைத்துப் பார்த்தேன். விரல் ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது. இழுத்துக்கொண்டாள். தேர்வு நாள் வரைக்கும் ஒருமுறைகூடத் தட்டவில்லை.

தேர்வாளர் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர். அமைதியானவர். பெண்கள் சீட்டு எடுத்து, ஆறு ஆறு பேராக உட்கார்ந்தார்கள். நானும் அறையில்தான் இருந்தேன், ஆனால் யாரிடமும் பேசக் கூடாது. நாலாவது அணியில் அவள் வந்தாள். அடித்தாள். ஓட விட்டாள். திரையில் பிழை என்று ஒரு வரி வந்ததும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது. பாதி எழுந்துவிட்டாள். பக்கத்தில் திரும்பினாள். பக்கத்தில் இருந்தவளும் தேர்வு எழுதுகிறாள். அங்கே கேட்க ஆள் இல்லை. மறுபடி உட்கார்ந்து அந்த வரியைப் படித்தாள். எங்கோ ஒரு செமிகோலனைச் சேர்த்தாள். மறுபடி ஓட விட்டாள். இந்த முறை எண் கேட்டது. அடித்தாள்.

பிறகு அப்படியே இருந்தாள். வலது கை கீபோர்டுக்குமேல் அந்தரத்தில் நின்றது. தேர்வாளர் அவள் பின்னால் வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கதவோரம் உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். என் ஒரு வார்த்தை கிடைக்காமல்தான் அவள் அப்படி உட்கார்ந்திருந்தாள். அன்று சொல்லாத வார்த்தை. இன்று சொல்லவும் கூடாது.

"இன்னும் ரெண்டு நிமிஷம்தாம்மா," என்றார் தேர்வாளர்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். தட்டியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். திரையில் விடை வந்திருந்தது. கண்ணைத் திறக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தேர்வாளருக்கு ஒன்றும் புரியாமல், "ஏம்மா, சரியாத்தானே வந்திருக்கு?" என்றார்.

நாற்பத்திரண்டு பேரும் செய்முறையில் தேறினார்கள். முன் வரிசை ஒன்பது பேரும் முழு மதிப்பெண். அவள் பாஸ் ஆனாள், நேரம் போய்விட்டதால் வர வேண்டியதைவிடக் குறைவாக. வீட்டில் காலேஜுக்கு அனுப்ப முடியவில்லை. ரிசல்ட் வந்த வாரமே மறுபடி கம்பெனி வேனில் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அந்த மதிப்பெண் கூடியிருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. மாறியிருக்காது என்று என்னால் அடித்துச் சொல்லவும் முடியாது.

என் ஒப்பந்தத்தை ஜூனில் புதுப்பிக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த கடிதம் மேலே போயிற்றா, இல்லை டிராயரிலேயே கிடந்ததா என்று தலைமை ஆசிரியை கடைசி வரைக்கும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குப் பதிலாக வந்த இளைஞரிடம் பொறுப்பை ஒப்படைக்கப் பள்ளிக்குப் போனேன். சுறுசுறுப்பானவர். எங்கே என்ன இருக்கிறது என்று நான் காட்டிக்கொண்டு வரும்போது, வெளியே புதுப் பிளஸ் டூ பெண்கள் கால் கழுவிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவர் கண்ணாடிக் கதவு வழியாக எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மேடம், இதுல ஏற்கெனவே வெளிய கத்துக்கினவங்க யாரு? அவங்கள முன்னாடி உக்கார வெச்சிட்டா நமக்கு ஈசி."

"அத மட்டும் கேக்காதீங்க சார்," என்றேன். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அவர் கேட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். இறங்கிப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.